டக் டக் டக்: பேட்டரி மேல பழி போடுறதுக்கு முன்னாடி



இந்த வார எபிசோட்ல படகு மோட்டார் கதையை மூணு நிமிஷத்துல சொல்லி முடிச்சுட்டேன். மல்டிமீட்டர் முனையை எங்க வைக்கணும்னு மைக்ல விளக்குறது, போன்ல கோலம் போடச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி. அதனால பாடம் இங்க, எழுத்துல. காபி எடுத்துக்கிட்டு உக்காருங்க.

கதையைக் கேக்காதவங்களுக்குச் சுருக்கமா. ஏப்ரல் மாசத்துல ஒரு சனிக்கிழமை, டல்லாஸுக்கு வடக்கே இருக்கிற லூயிஸ்வில் ஏரி. தம்பி செகண்ட் ஹேண்டுல வாங்கின பதினாறு அடி அலுமினியப் படகு, பின்னாடி 40 குதிரைத்திறன் டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார். படகுல நான், தம்பி, தம்பியோட ஏழு வயசு பொண்ணு, ஊர்லருந்து வந்திருந்த குளச்சல் பெரியப்பா. நடு ஏரியில எஞ்சினை நிறுத்திட்டு புளியோதரை சாப்பிட்டோம். திரும்பக் கிளம்பலாம்னு சாவியைத் திருப்பினா, டக் டக் டக் டக். அவ்வளவுதான். தெக்குக் காத்து ஏறிக்கிட்டே இருந்தது, படகு ஆளில்லாத வடக்குப் பக்கமா நகர்ந்துட்டே இருந்தது. ஒரு மணி நேரம் கழிச்சு மீன் பிடிக்க வந்த ரெண்டு பேர் கயிறு கட்டி இழுத்துட்டு வந்து கரை சேர்த்தாங்க. இடையில குழந்தை ஒரு தடவை கேட்டா, "பெரியப்பா, நைட் இங்கயேவா இருப்போம்?" அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல. அதுக்கப்புறம்தான் இதை ஒழுங்கா கத்துக்கணும்னு உக்காந்தேன்.

நான் பண்ணின தப்பை முதல்லயே சொல்லிடறேன். டக் டக் சத்தம்னா பேட்டரி செத்துப்போச்சுன்னு அர்த்தம், எல்லாருக்கும் தெரியும். மறுநாள் புது பேட்டரி வாங்கினேன். அதே டக் டக். ஸ்டார்ட்டர் ரிலே வாங்கி மாத்தினேன். அதே டக் டக். முன்னூறு டாலருக்குக் கொஞ்சம் குறைவா போச்சு. கடைசியில குற்றவாளி பன்னிரண்டு டாலர் கேபிள். வேலையில இப்படி அளக்காம மாத்தி மாத்திப் போட்டு கோட் டீபக் பண்ணினா நம்ம டீம் லீட் என்ன சொல்வாங்களோ, அதை நான் எனக்கே சொல்லிக்கிட்டேன்.

ஒரு எஞ்சின், ரெண்டு மின்சாரம்

அவுட்போர்டு மோட்டாரோட மின்சாரத்தை ஒரே விஷயமா நினைக்காதீங்க. பழைய மாடல் மோட்டார்கள்ல அது ரெண்டு தனித்தனி குடித்தனம்.

ஒண்ணு, 12 வோல்ட் பக்கம். பேட்டரி, தடிமனான கேபிள், ஃபியூஸ், சாவி, ஸ்டார்ட்டர் சாலினாய்டு, ஸ்டார்ட்டர் மோட்டார், திரும்பச் சார்ஜ் பண்ற ரெக்டிஃபையர்-ரெகுலேட்டர். எஞ்சினைச் சுத்தி விடுறதுதான் இதுக்கு முக்கிய வேலை.

இன்னொண்ணு, தீப்பொறி பக்கம். எஞ்சினோட தலையில இருக்கிற ஃப்ளைவீல் உள்ள காந்தங்கள் ஒட்டியிருக்கும். அது சுத்தும்போது கீழ இருக்கிற ஸ்டேட்டர் காயில்ல மின்சாரம் பிறக்கும். சி.டி.ஐ.ங்கிற பெட்டி அந்த மின்சாரத்தை ஒரு கெப்பாசிட்டர்ல சில நூறு வோல்ட்டுக்குச் சேத்து வெச்சு, சரியான நேரத்துல இக்னிஷன் காயிலுக்குள்ள கொட்டும். காயில் அதை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக்கி ஸ்பார்க் பிளக்குக்கு அனுப்பும். இந்தச் சங்கிலியில பேட்டரி எங்கயும் இல்ல, கவனிச்சீங்களா?

அதாவது எஞ்சின் சுத்தினா போதும், யார் சுத்தினாலும் பொறி வரும்.

கன்னியாகுமரி மாவட்டத்துல வள்ளத்துல கடலுக்குப் போறவங்களுக்கு இது பாடமே இல்ல, பழக்கம். அங்க பரவலா ஓடுற மண்ணெண்ணெய் எஞ்சின்களுக்கு பேட்டரியே கிடையாது. பெட்ரோல்ல கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணுவாங்க, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்துவாங்க. உப்புத் தண்ணி தெறிக்கிற இடத்துல ஒரு பேட்டரியையும் நாலு கேபிளையும் காப்பாத்திக்கிட்டு இருக்கிறதை விட, கயிறு எவ்வளவோ மேல். அதனால அன்னிக்கு ஏரியில டக் டக் சத்தம் கேட்டதும் குளச்சல் பெரியப்பா சொன்ன முதல் வார்த்தை: "மக்ளே, கயிறு உண்டுமா? சுத்தி ஒரு இழு இழுத்துப் பாரு."

நாங்க ரெண்டு பேரும் சிரிச்சோம். "பெரியப்பா, இது சாவி போடுற எஞ்சின்." அவரும் சரின்னு விட்டுட்டார்.

ரெண்டு வாரம் கழிச்சு மேனுவலைத் திறந்து பாத்தா, அவசரத்துக்கு ஸ்டார்ட் பண்ண ஒரு பக்கம் முழுக்க படம் போட்டு விளக்கியிருக்கு. ஃப்ளைவீல் ஓரத்துல கயிற்று முடிச்சை மாட்ட ஒரு வெட்டு இருக்கு. கயிறு? டூல் பைக்குள்ளயே, பிளாஸ்டிக் கவர் பிரிக்காம இருந்தது. அன்னிக்கு அரை மணி நேரத்துல நாங்களே கரைக்கு வந்திருக்கலாம். பெரியப்பாவுக்கு போன் பண்ணிச் சொன்னேன். அவர் சிரிக்கல, "குட்டி சுகமா இருக்காளா?"ன்னு மட்டும் கேட்டார்.

இதுல ரெண்டு எச்சரிக்கை. கியர்ல இருக்கும்போது சாவியோ எஞ்சினோட சொந்த இழுகயிறோ வேலை செய்யாதபடி ஒரு தடுப்பு பொதுவா இருக்கும். ஃப்ளைவீல்ல நேரடியா கயிறு சுத்தி இழுக்கும்போது அந்தத் தடுப்பு கிடையாது. லீவர் நியூட்ரல்ல இருக்குன்னு கையால உறுதி பண்ணிக்காம இழுக்காதீங்க. படகு பாஞ்சா ஆள் தண்ணியில. அப்புறம், ஸ்டார்ட் ஆன பிறகு ஃப்ளைவீல் மூடி இல்லாம சுத்திட்டு இருக்கும். துப்பட்டா, தொங்குற செயின், நீள முடி எதுவும் கிட்ட போகக் கூடாது. மேல மூடியைத் திரும்ப மாட்ட முயற்சியும் பண்ணாதீங்க, மெதுவா ஓட்டிக் கரைக்கு வாங்க.

புது ஃபோர்-ஸ்ட்ரோக், இ.எஃப்.ஐ மோட்டார்கள் பெரும்பாலும் வேற கதை. அதுல கம்ப்யூட்டர், எரிபொருள் பம்ப், இன்ஜெக்டர் எல்லாத்துக்கும் பேட்டரி வேணும். சில சின்ன இ.எஃப்.ஐ மாடல்கள் மட்டும் கயிறு இழுக்கிற வேகத்துலயே தனக்கு வேண்டிய மின்சாரத்தை உண்டாக்கிக்கும். உங்க வீட்டு மோட்டார் எந்த ஜாதின்னு கரையில இருக்கும்போதே மேனுவலைப் பாத்து தெரிஞ்சு வெச்சுக்கோங்க.

சத்தத்தைக் கேளுங்க

மூணு விதமாத்தான் எஞ்சின் அடம் பிடிக்கும். ஒவ்வொண்ணும் வேற இடத்தைக் காட்டுது, அதனால சாவியைத் திருப்பினதும் காதைத் தீட்டிக்கோங்க.

ஒரு சத்தமும் இல்லைன்னா, சாலினாய்டுக்கு உத்தரவே போய்ச் சேரல. பேட்டரி ஸ்விட்ச் ஆஃப்ல இருக்கலாம். லீவர் நியூட்ரலுக்கு ஒரு மயிரிழை தள்ளி இருக்கலாம். சாவியைத் திருப்பிப் பிடிச்சுக்கிட்டே லீவரை லேசா ஆட்டிப் பாருங்க. சாலினாய்டு பக்கத்துல ஒரு ஃபியூஸ் இருக்கும், பல மோட்டார்கள்ல 20 இல்லன்னா 30 ஆம்பியர். சில மாடல்கள்ல கில் ஸ்விட்ச் கிளிப் கழண்டிருந்தாலும் இதே மௌனம்தான். இந்த நாலையும் பாக்க ரெண்டு நிமிஷம் ஆகாது. நடு ஏரியில மாட்டிக்கிட்டவங்கள்ல நிறைய பேருக்கு இதோட கதை முடிஞ்சுடும்.

டக் டக்னு வேகமா அடிச்சா, சாலினாய்டு மூடுது, உடனே வோல்ட்டேஜ் விழுது, அது விட்டுடுது, திரும்ப மூடுது. எஞ்சின் பக்கம் வர்ற வோல்ட்டேஜ் சுமை ஏறினதும் விழுதுன்னு அர்த்தம். எங்க விழுதுன்னு இந்தச் சத்தம் சொல்லாது. பேட்டரியாவும் இருக்கலாம், வழியில எங்கயாவதும் இருக்கலாம். நான் தடுக்கி விழுந்தது இங்கதான். ஒரே ஒரு "டக்", அப்புறம் அமைதின்னா சாலினாய்டு உள்ள கான்டாக்ட் தேஞ்சிருக்கலாம், ஸ்டார்ட்டர் போயிருக்கலாம், இல்ல எஞ்சினே இறுகியிருக்கலாம்.

ஸ்டார்ட்டர் நல்லா சுத்துது, ஆனா எஞ்சின் பத்தலைன்னா 12 வோல்ட் பக்கத்தைப் பெரும்பாலும் மறந்துடலாம். அது தீப்பொறி இல்லன்னா பெட்ரோல். அதுக்குக் கடைசியில வரேன்.

டேங்க் நிறைய தண்ணி, குழாயில சொட்டு

இதுதான் இன்னிக்குப் பாடத்தோட மையம். இதை மட்டும் புரிஞ்சுக்கிட்டா மீதியை மேனுவல் பாத்துக்கும்.

ஊர்ல தாத்தா வீட்டுக்கு லீவுக்குப் போனப்ப குளிச்சிருப்பீங்க. மாடியில சின்டெக்ஸ் டேங்க் நிறைய தண்ணி. போர் தண்ணி உப்பு படிஞ்சு படிஞ்சு குழாய்க்குள்ள பென்சில் நுழையற அளவுக்குத்தான் ஓட்டை. குழாயை மூடியிருக்கும்போது அழுத்தம் முழுசா இருக்கும், பிரஷர் மீட்டர் வெச்சுப் பாத்தா டேங்க் அளவுக்கே காட்டும். திறந்து பாத்தாத்தான் தெரியும், சொட்டுச் சொட்டா வரும். பக்கெட் ரொம்ப பதினஞ்சு நிமிஷம். அதுக்காக மாடியில புது டேங்க் வெச்சா? அதே சொட்டுதான்.

எங்க படகுல புது பேட்டரி வாங்கி வெச்சது அந்தப் புது டேங்க்.

மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட்ல வெச்சு பேட்டரியை அளந்தா, சும்மா இருக்கும்போது 12.6 பக்கம் இருந்தா முழுச் சார்ஜ். 12.2 பாதி. 12-க்குக் கீழன்னா காலி மாதிரிதான். சார்ஜர்லருந்து எடுத்த உடனே அளக்காதீங்க, ஒரு சில மணி நேரம் விடுங்க, இல்லன்னா பொய்யா கூடக் காட்டும். ஆனா இது மூடின குழாயோட அழுத்தம் மட்டுமே. அடுத்தவங்க சாவியைத் திருப்பும்போது பேட்டரி முனையில என்ன காட்டுதுன்னு பாருங்க. 12.6 காட்டினது தடால்னு 9-க்குக் கீழ விழுந்தா பேட்டரியைச் சந்தேகப்படலாம். எங்க புது பேட்டரி 12-க்குக் கீழ இறங்கவே இல்ல. டக் டக்னு அடிச்சுக்கிட்டே இருந்தது, பேட்டரி சுகமா இருந்தது. அப்பவே நான் யோசிச்சிருக்கணும்: நூறு ஆம்பியருக்கு மேல இழுக்க வேண்டிய ஸ்டார்ட்டர் இழுக்கப் பாத்தும் பேட்டரி அசரலைன்னா, மின்சாரம் வெளியில போகவே இல்ல. வழியில அடைப்பு.

சரி, கேபிள் நல்லா இருக்கான்னு எப்படிப் பாக்கிறது? என்னை மாதிரி ஆளுங்க உடனே மீட்டரை 'பீப்' மோட்ல வெச்சு ரெண்டு முனையிலயும் தொடுவோம். பீப்னு அடிக்கும். கேபிள் ஓகேன்னு முடிவு பண்ணிடுவோம். அந்த பீப் ஒரு மகா பொய். நூறு கம்பி இழைகள்ல தொண்ணூத்தெட்டு அறுந்து ரெண்டு மட்டும் மிச்சம் இருந்தாலும் பீப் அடிக்கும், ஏன்னா மீட்டர் அனுப்புறது துளியூண்டு மின்சாரம். கணக்கு போட்டுப் பாருங்க. அடைப்பு வெறும் 0.05 ஓம்னு வைங்க. அது வழியா 100 ஆம்பியர் போகணும்னா 0.05 தடவை 100, அஞ்சு வோல்ட் அங்கயே காலி. 12-ல அஞ்சு போனா ஸ்டார்ட்டருக்கு என்ன மிஞ்சும்? ஆனா சாதாரண மீட்டரால 0.05 ஓமைப் பாக்கவே முடியாது. அதோட சிவப்பு கறுப்பு ஒயருக்கே அதை விட அதிக ரெசிஸ்டன்ஸ்.

அதனால ஓம்ல அளக்காதீங்க, வோல்ட்ல அளங்க. குழாயைத் திறந்து விட்டு, எந்த ரெண்டு இடத்துக்கு நடுவுல அழுத்தம் காணாமப் போகுதுன்னு பாக்கிற வேலை. வோல்ட்டேஜ் டிராப் டெஸ்ட்னு பேரு. கார் மெக்கானிக்குகள் இதைத் தினமும் பண்றாங்க.

முதல்ல பாதுகாப்பு. படகு டிரெய்லர்ல, லீவர் நியூட்ரல்ல, புரொப்பெல்லர் கிட்ட யாரும் இல்ல. எஞ்சின் தப்பித் தவறி ஸ்டார்ட் ஆகக் கூடாது. கில் ஸ்விட்ச் கிளிப்பைக் கழட்டுங்க. உங்க மாடல்ல கிளிப் இல்லாம ஸ்டார்ட்டரே சுத்தாதுன்னா, பிளக் ஒயர்களை எஞ்சின் உடம்போட எர்த் பண்ணிட்டு அளங்க. பெட்ரோல் வாசனை வந்தா எல்லாத்தையும் நிறுத்திட்டு, அது காத்தோட போற வரைக்கும் காத்திருங்க.

இப்ப சிவப்பு முனையை பேட்டரியோட பிளஸ் தூண் மேல வைங்க. தூண் மேல, கிளாம்ப் மேல இல்ல. கறுப்பு முனையை ஸ்டார்ட்டர் மோட்டார்ல கேபிள் வந்து சேர்ற போல்ட் மேல. மீட்டர் இப்ப 12 வோல்ட் காட்டும், சாலினாய்டு திறந்திருக்குல்ல, பயப்படாதீங்க. சாவியைத் திருப்பச் சொல்லுங்க. திருப்பின அந்த நொடியில மீட்டர் காட்டுறது மொத்த பிளஸ் வழியிலயும் தொலையற வோல்ட்டேஜ். அரை வோல்ட்டுக்குள்ள இருந்தா நல்லது. அடுத்து மைனஸ் வழி: கறுப்பு முனை பேட்டரி மைனஸ் தூண், சிவப்பு முனை எஞ்சின் உடம்புல பெயின்ட் இல்லாத ஒரு போல்ட். திரும்ப சாவி. இதுவும் அரை வோல்ட்டுக்குள்ள இருக்கணும்.

எங்களுக்கு பிளஸ் பக்கம், சாலினாய்டு மூடுற நேரத்துல 0.3-க்கு மேல போகல. மைனஸ் பக்கம் நம்பர் நிக்கவே இல்ல, டக் டக்குக்குத் தாளம் போட்டுக்கிட்டு 3-க்கும் 7-க்கும் நடுவுல குதிச்சது. பிடிச்சாச்சு.

இதுக்கப்புறம் பைனரி சர்ச். நம்ம ஆளுங்களுக்கு இதைச் சொல்லித் தரணுமா? வழியைப் பாதியா வெட்டுங்க. தூணுக்கும் கிளாம்ப்புக்கும் நடுவுல: ஒண்ணுமில்ல. கிளாம்ப்புக்கும் கேபிளோட மறுமுனை வளையத்துக்கும் நடுவுல: அத்தனை வோல்ட்டும் இங்கதான். வளையத்துக்கும் எஞ்சின் உடம்புக்கும்: ஒண்ணுமில்ல. ஆக கேபிள். வெளியில பாத்தா அழகா இருந்தது, கறுப்பா, வெடிப்பு இல்லாம. எஞ்சின் பக்கத்து முனையில கத்தியால உறையைக் கீறினேன். உள்ள செம்பே இல்ல. பாட்டி வீட்டுச் செம்புக் குடத்துல புளி போட்டுத் தேய்ப்பாங்களே, அந்தக் களிம்பு, பச்சைப் பொடியா உதிர்ந்தது. அதுக்குக் கீழ கறுத்துப்போன இழைகள், பாதி அறுந்தது. காலையில ஸ்டார்ட் ஆனதே கடைசியா மிஞ்சியிருந்த ஏழெட்டு இழை புண்ணியம். அலையில ரெண்டு மணி நேரம் குதிச்சதுல அதுவும் போச்சு.

லூயிஸ்வில் ஏரி நல்ல தண்ணி. இவ்வளவு உப்பு எங்கருந்து? விசாரிச்சா, படகோட முந்தின ஓனர் ஆறேழு வருஷம் கால்வெஸ்டன் வளைகுடாவுல ஓட்டியிருக்கார். ஹியூஸ்டன் பக்கம் இருக்கிறவங்க, கீமாவுல படகை இறக்கிறவங்க, இதைக் காதுல வாங்கிக்கோங்க. உப்புத் தண்ணி வளைய முனையில நுழைஞ்சா, விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சற மாதிரி இழைகளுக்கு நடுவுல ஏறி, உறைக்குள்ள அடி கணக்குல போகும். முனையை மட்டும் தேச்சுப் பளபளன்னு ஆக்கினா உள்ள நோய் அப்படியே இருக்கும்.

புதுசு போடும்போது வெள்ளீயம் பூசின மெரைன் கேபிளா வாங்குங்க, கார் பாகங்கள் கடையில கிடைக்கிற வெறும் செம்பு வேண்டாம். தடிமன் பழசை விடக் குறையக் கூடாது. வளையத்தைச் சரியான கிரிம்ப் கருவியால அழுத்தி, உள்ள பசை இருக்கிற ஹீட் ஷ்ரிங்க் போட்டு மூடுங்க. வீட்டு ஒயரிங்ல திருகி மூடற தொப்பி மாதிரி கனெக்டர்கள் படகுல வேண்டவே வேண்டாம், அதிர்வுல கழண்டுடும். பேட்டரி மேல கையால திருகுற சிறகு நட்டு இருந்தா அதையும் தூக்கிப் போட்டுட்டு, நைலான் உள்ள வெச்ச லாக் நட்டா மாத்துங்க. கழட்டும்போது மைனஸ் முதல்ல, மாட்டும்போது மைனஸ் கடைசியில. ஸ்பேனர் தவறுதலா பிளஸ்ஸையும் எஞ்சின் உடம்பையும் ஒண்ணாத் தொட்டாலும் அப்ப பொறி பறக்காது.

ஸ்க்ரூடிரைவரை சாலினாய்டு குறுக்க வெச்சு ஸ்டார்ட் பண்ற வித்தையை ஏதாவது ஒரு மாமா கண்டிப்பா சொல்லித் தருவார். மரியாதையா கேட்டுக்கோங்க, பண்ணாதீங்க. அது நியூட்ரல் தடுப்பையும் தாண்டிடும், பெட்ரோல் டேங்க் பக்கத்துல பொறியும் கக்கும்.

சுத்துது, ஆனா பத்தல

இப்ப தீப்பொறி பக்கம். இதைப் பத்தி நானே பழகிட்டு இருக்கேன், அதனால நான் பண்ணிப் பாத்ததை மட்டும் சொல்றேன்.

பத்துப் பதினஞ்சு டாலருக்கு ஸ்பார்க் டெஸ்டர் கிடைக்கும். பிளக்கைக் கையில பிடிச்சு எஞ்சின் மேல வெச்சுப் பாக்கிற பழைய வழி வேண்டாம். அடி வாங்கினா மறக்க மாட்டீங்க, சிலிண்டர்லருந்து வர்ற பெட்ரோல் ஆவியும் அங்கதான் இருக்கு. டெஸ்டரை ஒவ்வொரு சிலிண்டரா மாட்டிப் பாருங்க. ஒரு சிலிண்டர்ல மட்டும் பொறி இல்லன்னா அந்த சிலிண்டரோட பிளக், ஒயர், காயில் மேல சந்தேகம். ஒரே மாதிரி காயில்களா இருந்தா ரெண்டை இடம் மாத்திப் போடுங்க. கோளாறு காயிலோட கூடவே போச்சுன்னா அதுதான் கெட்டது. காசு செலவில்லாத டெஸ்ட்.

எல்லா சிலிண்டர்லயும் பொறி இல்லன்னா, எல்லாருக்கும் பொதுவானது எதுன்னு யோசிக்கணும். உடனே எல்லாரும் சி.டி.ஐ. பெட்டி வாங்க ஓடுவாங்க. இருங்க. அதுக்கு முன்னாடி நிறுத்துற ஒயரைப் பாருங்க. இந்த வகை எஞ்சின்கள்ல நிறுத்தறது எப்படின்னா, ஒரு ஒயரை எர்த் பண்ணிடறதுதான். பொறிக்குப் போக வேண்டிய மின்சாரம் அந்த வழியா ஓடிப் போயிடும். கில் ஸ்விட்ச் உப்புல ஊறி உள்ளயே ஷார்ட் ஆகியிருந்தா, எஞ்சினுக்கு யாரோ எப்பவும் 'நில்லு நில்லு'ன்னு சொல்லிக்கிட்டே இருக்கிற மாதிரி. கரையில வெச்சு, எஞ்சின் பக்கம் அந்த ஒரு ஒயரை மட்டும் கழட்டிட்டுப் பொறி வருதான்னு பாருங்க. வந்தா சி.டி.ஐ. நல்லா இருக்கு, கோளாறு ஸ்விட்ச்லயோ அதுக்குப் போற ஒயர்லயோ. இந்த நிலைமையில எஞ்சின் பத்திக்கிட்டா சாவியால நிறுத்த முடியாது, சோக் போட்டு மூச்சடைக்கணும் இல்லன்னா பெட்ரோல் குழாயைக் கழட்டணும். அதைத் தயாரா வெச்சுக்கிட்டு பண்ணுங்க. டெஸ்ட் முடிஞ்சதும் ஒயரைத் திரும்ப மாட்டாம ஏரிக்குப் போகவே போகாதீங்க. அந்த ஒயர்ல தப்பித் தவறிக்கூட 12 வோல்ட் கொடுத்துடாதீங்க, சி.டி.ஐ. அங்கேயே உயிரை விட்டுடும். நிறத்தை வெச்சு ஊகிக்காம, உங்க மாடல் ஒயரிங் படத்தைப் பாத்து எடுங்க. கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். ஸ்டேட்டர், சி.டி.ஐ. வோல்ட்டேஜை அளக்க சாதாரண மீட்டர் போதாது, உச்ச வோல்ட்டேஜைப் பிடிக்கிற அடாப்டர் வேணும். அந்தக் கட்டத்துல நான் மெக்கானிக்கிட்டதான் போவேன்.

சார்ஜிங் பத்தி ஒரு வரி. எஞ்சின் ஓடும்போது பேட்டரியில 13.5-லருந்து 14.5 வோல்ட் இருக்கணும். சின்ன மோட்டார்கள் மெதுவா ஓடும்போது இது வராம இருக்கலாம், கொஞ்சம் வேகம் ஏத்திப் பாருங்க. 15-ஐத் தாண்டினா ரெகுலேட்டர் போச்சு. ஓடிக்கிட்டிருக்கும்போது பேட்டரியைக் கழட்டிப் பாக்கிற பழைய கராஜ் வித்தை ரெகுலேட்டரைக் கொன்னுடும். வீட்டு முன்னாடி எஞ்சினை ஓட்டினா, தண்ணி இழுக்கிற ஓட்டைகள் மேல ஹோஸ் மாட்டற காதுமூடியைப் போட்டு, தண்ணி திறந்துவிட்டு ஓட்டுங்க. காஞ்சு ஓடினா தண்ணி பம்ப்போட ரப்பர் சக்கரம் சீக்கிரமே கருகிடும்.

அந்தச் சிவப்புக் கயிறு

கில் ஸ்விட்ச் அடிக்கடி கோளாறு கொடுக்குதுன்னு அதை நிரந்தரமா பைபாஸ் பண்ணி வெச்ச படகுகளைப் பாத்திருக்கேன். தம்பியும் முதல்ல அதைத்தான் யோசிச்சான். டெக்ஸஸ்ல ஒரு பதினாறு வயசுப் பொண்ணு 2012-ல படகிலிருந்து தூக்கி எறியப்பட்டு, அதே படகோட புரொப்பெல்லர்ல அடிபட்டு இறந்துபோனாள். ஓட்டுறவர் விழுந்தா எஞ்சினை நிறுத்தற அந்தக் கிளிப் மாட்டப்படல. அவ பேர்ல வந்ததுதான் காலி சட்டம். 2019 செப்டம்பர் 1-லருந்து, 26 அடிக்குக் குறைவான படகுல அந்த ஸ்விட்ச் இருந்தா, வேகமா போகும்போது ஓட்டுறவர் கிளிப்பை மாட்டியே ஆகணும். 2021 ஏப்ரல் 1-லருந்து நாடு முழுக்கவே இந்த மாதிரி விதி இருக்கு, அதனால நியூ ஜெர்சி, பே ஏரியா ஆளுங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன். டெக்ஸஸ்ல 13 வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளைங்க இந்த அளவுப் படகு ஓடும்போது லைஃப் ஜாக்கெட் போட்டே இருக்கணும். 1993 செப்டம்பர் 1-க்கோ அதுக்கு அப்புறமோ பிறந்தவங்க 15 குதிரைத்திறனுக்கு மேல ஓட்ட படகுப் பயிற்சிச் சான்றிதழ் வேணும். இதைப் படிக்கிற உங்கள்ல பாதிப் பேர் அந்த வரிசையில வருவீங்கன்னு நினைக்கிறேன்.

தண்ணியில நின்னுபோனா வரிசை இது: எல்லாரும் லைஃப் ஜாக்கெட், அப்புறம் நங்கூரம், அப்புறம்தான் மூடியைத் திறக்கிறது. நாங்க அன்னிக்குத் தலைகீழா பண்ணினோம். இருபது நிமிஷம் எஞ்சின் மேல குனிஞ்சிருந்துட்டு நிமிர்ந்து பாத்தா கரை மாறியிருந்தது. நங்கூரத்தை ஞாபகப்படுத்தினதும் பெரியப்பாதான்.

இப்ப எங்க படகுல ஒரு தண்ணி புகாத டப்பா இருக்கு. இருபது டாலர் மல்டிமீட்டர், அதுக்கு உபரி பேட்டரி, ரெண்டு ஃபியூஸ், உபரி கில் கிளிப், பேட்டரி நட்டுக்குப் பொருந்துற ஸ்பேனர், ஒரு கம்பி பிரஷ், சுருட்டி வெச்ச ஸ்டார்ட்டர் கயிறு. மூடி மேல தம்பி பொண்ணு மார்க்கர்ல 'தாத்தா கயிறு'ன்னு எழுதி வெச்சிருக்கா. 'யி'க்குப் பதிலா 'இ' போட்டிருக்கா, நாங்க திருத்தல.

இந்த வார வீட்டுப் பாடம்: படகு இல்லாதவங்க வீட்டுக் காரை எடுத்துக்கோங்க. பார்க்ல போட்டு ஹேண்ட் பிரேக் இழுத்துட்டு, மைனஸ் தூணுக்கும் எஞ்சின் உடம்புக்கும் நடுவுல மீட்டரை வெச்சுக்கிட்டு, வீட்டுல யாரையாவது ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. கையையும் ஒயரையும் பெல்ட், ஃபேன் கிட்ட கொண்டுபோகாதீங்க. ஸ்டார்ட் ஆகிற அந்த நொடியில வந்த நம்பரையும், கார் எத்தனை வருஷம் பழசுங்கிறதையும் எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல வரிசையா வாசிக்கிறேன். என் காரோடது 0.21, பதினோரு வருஷம்.